சாயங்காலம் ஏழு மணி

குடியை நிறுத்த நினைக்கும் ஒருவருக்குக் கூட்டத்தின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் போகமாட்டார். திருச்சியில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் நான் இதைச் சலிப்பில் சொல்லவில்லை. 1981-ல் சிஸ்ஸன், மாலம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்கள் 20 பேர். பாதிப் பேருக்கு, குடிநோயாளிகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டம் எங்கே, எப்போது என்ற விவரத்தைக் கொடுத்து, போய் வாருங்கள் என்றார்கள். மீதிப் பாதிக்கு, ஆலோசகர் தன் அறையிலிருந்தே ஏஏ உறுப்பினர் ஒருவருக்குப் போன் போட்டு, இவரிடம் பேசக் கொடுத்து, அந்த உறுப்பினரே கூட வரும்படி ஏற்பாடு செய்தார். முகவரி வாங்கியவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. போனில் பேசியவர்கள் அத்தனை பேரும் போனார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் என் தொழிலுக்கு அதிகம் பயன்பட்டது அந்த ஆய்வுதான்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியைப் பொறுமையாகப் படித்தால், உபன்யாசத்துக்கும் இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவில் ஒற்றை வரியாக அது ஒளிந்திருக்கும். புத்தூர் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான 14416, இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே குடியை விட்ட ஒரே ஒரு ஆளைத் தெரிந்திருந்தால் இவை எதுவுமே வேண்டாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இந்தக் குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. சர்ச் கூடம், பள்ளி வகுப்பறை, ஆஸ்பத்திரியின் ஒதுக்குப்புற அறை என்று வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்த இடத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். பொதுத்தேர்வு வந்தால் வகுப்பறை போய்விடும். திருவிழா வந்தால் கூடத்துக்குப் பூட்டு விழும். வாசலில் பெயர்ப்பலகை இருக்காது, இருந்தாலும் உள்ளங்கை அகலம். வாட்ச்மேனிடம் "ஏஏ மீட்டிங் எங்கே?" என்று கேட்டால், "பைபிள் கிளாஸா?" என்று திருப்பிக் கேட்பார். கை நடுங்க, நாக்கு வறள, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு வந்து நிற்கும் ஆளுக்கு, அந்த ஒரு கேள்வி போதும். அப்படியே திரும்பிவிடுவார். திரும்புகிற வழியில் கடை இருக்கும்.

அதனால் என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம். கிழமை, நேரம் என்பது முதல் வரி. அதற்குக் கீழே இருப்பதுதான் நான் சேர்த்த சொத்து. எந்த வாசல் வழியாகப் போவது. மாடியா, தரைத்தளமா, ஏனென்றால் நாள்பட்ட குடியில் நரம்பு கெட்டு, பாதம் மரத்துப்போனவர்களுக்கு இருட்டுப் படிக்கட்டு ஆகாது. பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடை. அந்த நடையில் டாஸ்மாக் மதுக்கடை வருகிறதா, வந்தால் சுற்றிப்போக இன்னொரு தெரு உண்டா. புதிதாக வருபவரை வாசலில் பார்த்து அழைத்துப்போக யார் ஒப்புக்கொள்வார், பேச்சு சாந்தமா தடாலடியா. அன்று எல்லோருக்கும் திறந்த கூட்டமா, குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா. முடிந்ததும் வீட்டுக்குப் பஸ் உண்டா. இந்தப் பக்கங்களை நான் நம்புவதில்லை, அடிக்கடி அடித்துத் திருத்துகிறேன். யாரையும் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குழுவில் ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணே, போன வாரம் நடந்துச்சா?" என்று கேட்பேன். "நடக்கும் மேடம்" என்று பதில் வந்தால் போதாது. "நடந்துச்சு, ஒம்பது பேர் வந்தோம்" என்றால்தான் ஆளை அனுப்புவேன்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சாயங்காலம் ஏழு மணியை ஒட்டித்தான் கூட்டம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து, கையில் அன்றைய கூலி இருந்து, வீட்டுக்குப் போகும் முன் கால் தானாகத் திரும்புகிற நேரமும் அதே ஏழு மணிதான். கடை பிடித்து வைத்திருக்கிற மணியிலேயே கூட்டமும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் திருச்சி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிகிற ஊர் இல்லை. பெல் நிறுவனத்திலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் ஷிப்ட் மாறும். காந்தி மார்க்கெட் லோடுமேன்களுக்கு வேலை சூடு பிடிப்பதே ராத்திரியில், விடிந்தபிறகு குடித்துவிட்டுப் படுப்பார்கள், சாயங்காலம்தான் அவர்களுக்குக் காலை. பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆளுக்குப் பொருந்துகிற கூட்டம் மார்க்கெட் ஆளுக்குப் பொருந்தாது. இதையெல்லாம் கேட்காமல் முகவரி எழுதிக் கொடுப்பவர்கள் சீட்டை மட்டும் வீணாக்கவில்லை. ஒரு தடவை போக முடியாமல் போனவர், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று தீர்மானித்துவிடுகிறார். மறுபடி அவரைக் கேட்கவைப்பது இரட்டை வேலை.

பிறகு ஆற்றின் விஷயம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, என் வேலையில் வேறு மாதிரி வந்து நிற்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வீடுகள். யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது பூக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். "ராஜகோபுரத்துகிட்ட யாராவது பாத்துட்டா அப்பறம் பொண்ணுக்கு வரன் பாக்க முடியுமா மேடம்?" என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கேட்டார். குடித்துவிட்டு அதே வீதியில் அவர் தடுமாறி நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. குடிப்பது தெரிந்தால்கூடப் பரவாயில்லை, குடியை விடப் பாடுபடுவது தெரியக்கூடாது. இந்த வெட்கம் விசித்திரமானது, ஆனால் அதோடு தர்க்கம் பண்ணிப் பிரயோஜனமில்லை. ஸ்ரீரங்கத்துக்காரரை ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாலக்கரை, கண்டோன்மெண்ட், புத்தூர் என்று அழைத்துவருகிறேன். தில்லை நகர் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் வசதி. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பாதிப் பேருக்குத் தோள் இறங்குகிறது, மூச்சு சீராகிறது. வீட்டுக்குப் பக்கத்துக் கூட்டம்தான் நல்லது என்பது பொதுவான விதி. முதல் சில வாரங்களுக்கு அந்த விதியை நான் வேண்டுமென்றே மீறுகிறேன். பயம் தெளிந்தபிறகு பக்கத்துக் கூட்டத்துக்கு அவர்களே மாறிக்கொள்கிறார்கள். 2022 கடைசியில் பழுதுபார்ப்புக்காகப் பாலத்தை அடைத்துச் சில மாதங்கள் போக்குவரத்தைத் திருப்பிவிட்டபோது பலருக்கு நேரம் குழம்பி, நோட்டில் பாதிப் பக்கங்களை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இந்த அமைப்பின் பிறப்பே ஒருவர் இன்னொருவரைத் தேடி அலைந்த கதைதான். 1935 மே மாதம். நியூயார்க் பங்குச்சந்தைத் தரகர் பில், வியாபார வேலையாக ஓஹியோ மாநிலத்து அக்ரன் ஊருக்குப் போகிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. வந்த காரியம் தோற்றுப்போகிறது. மேஃபிளவர் ஓட்டல் முகப்புக் கூடத்தில் தனியாக நடக்கிறார். ஒரு கோடியில் பார், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு கோடியில் தொலைபேசி, பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தன்னைப் போலக் குடியில் மாட்டிய ஒருவரிடம் பேசினால்தான் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றியதால், ஒருவர் மாற்றி ஒருவராகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். மறுநாள் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்த மருத்துவர், இரவு வெகுநேரம் வரை எழுந்திருக்கவில்லை. பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது. பில்லுக்குக் கையில் கிடைத்தது கூட்டத்தின் முகவரி இல்லை, பேச ஒரு குரல். என் அறையில் நான் போனை எடுத்து, "இதோ, இவர் பேசுவார்" என்று நீட்டும்போது நடப்பதும் அதுதான். ஆலோசனையெல்லாம் அந்த உறுப்பினர் சொல்லமாட்டார். "காலைல எத்தனை மணிக்கு முதல் கட்டிங் போடுவீங்க?" என்று கேட்பார். இந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் அந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாக இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியின் பதில் எனக்கும் முக்கியம். காலையில் எழுந்ததும் கொஞ்சம் குடித்தால்தான் கை நிற்கிறது என்பவரை நான் நேரே கூட்டத்துக்கு அனுப்பமாட்டேன், முதலில் ஆஸ்பத்திரி. திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தப்பிரமை பிடித்து, இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்த்துக் கத்துவதும் உண்டு. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பதற்றம் தணிக்கும் மருந்தை அளவு குறைத்துக் குறைத்துக் கொடுத்து, குளுகோஸ் ஏற்றும் முன்னால் வைட்டமின் பி1 ஊசி போட்டு, டாக்டர் பார்வையில் கடக்க வேண்டிய நாட்கள் அவை. 2020 ஊரடங்கில் கடை மூடிய வாரங்களில் இதை நாடே பார்த்தது. சானிடைசரையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தவர்கள் ருசிக்காகக் குடிக்கவில்லை. "மன உறுதி இருந்தா இன்னிக்கே நிறுத்துடா" என்று மகனைப் பூட்டி வைக்கும் அப்பாக்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மையமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அடித்துத் திருத்துவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

கூட்டத்தில் என்னதான் நடக்கும் என்பது எல்லோருடைய கேள்வி. பெரிதாக ஒன்றும் நடக்காது, அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒருவர் தலைமை ஏற்று, அமைதியாக ஆரம்பித்து, சில பக்கங்களைப் படிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, தன் கதையைப் பேசுவார்கள். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதியும் இல்லை. பேச இஷ்டமில்லை என்றால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். உண்மைப் பெயர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை, சாதி, ஊர், வேலை கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. அன்று குடித்துவிட்டு வந்தவரைக்கூட உட்கார வைப்பார்கள், பேச மட்டும் வேண்டாம் என்பார்கள். பையைச் சுற்றி விடுவார்கள், இருப்பவர் பத்தோ இருபதோ போடுவார், வாடகையும் டீயும் அதில். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. நல்ல மனசோடு நாற்காலியும் ஃபேனும் வாங்கித் தர முன்வருகிறவர்களுக்கு இது அவமானமாகப் படும், சமாதானம் சொல்லும் வேலை எனக்கு வரும்.

இன்னொரு சமாதானமும் சொல்ல வேண்டியிருக்கிறது. "கடையை மூடச் சொல்லிப் போராடுவாங்களா?" போராடமாட்டார்கள். மதுவிலக்கு, அரசியல், தேர்தல் எதிலும் ஏஏ வாய் திறப்பதில்லை, அது அவர்களுடைய மரபு. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவனை 2015-ல் தேசத்துரோக வழக்கில் கைது செய்தது இதே ஊரில்தான். அந்த ஊரில், கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் குடிநோயாளிகள் கூடிக் கலைவது சிலருக்குக் கோழைத்தனமாகத் தெரிகிறது. எனக்குக் கடைகளைப் பற்றிக் காட்டமான கருத்து உண்டு, அதை வேறு மேடையில் சொல்வேன். அந்த அறைக்குள் கடையில் விற்பவரும் கடை முன்னால் மறியல் செய்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார முடிகிறது என்றால், அந்த மௌனத்துக்கு ஒரு விலை கொடுக்கலாம்.

கடவுள் விஷயம் வரும். சர்ச் கூடம் என்றதும் நாமம் போட்ட பெரியவர், "மதம் மாத்திடுவாளோ?" என்கிறார். ஏஏ வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் பெயர் வருகிறது என்றதும் கருப்புச் சட்டைக்காரர் எழுந்துவிடுகிறார். ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிற ஊர் இது, இரண்டு பேருமே எனக்கு வாடிக்கை. முதலாமவரிடம், சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் வாடகைச் சம்பந்தம்தான் என்று சொன்னால் போதும். இரண்டாமவரிடம் கொஞ்சம் பேச வேண்டும். 1930களின் கடைசியில் அந்தப் படிகளை எழுதியபோது உள்ளே இருந்த நாத்திகர்கள் சண்டை பிடித்துத்தான், கடவுள் என்ற இடத்தில் 'தாம் புரிந்துகொண்டபடி' என்ற சொற்கள் ஏறின. அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு காலம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதற்கும் மசியாவிட்டால், கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பிலிருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவர் உங்கள் அய்யா பெரியார் என்று ஞாபகப்படுத்துவேன். சிரித்துவிட்டு, "சரி, ஒரு தடவை வர்றேன்" என்பார்கள். அந்த ஒரு தடவைக்காகத்தான் இவ்வளவும்.

சபரிமலைக்கு மாலை போட்ட அனுபவம் உள்ளவர்களிடம் என் வேலை பாதி குறைந்துவிடும். கார்த்திகையில் மாலை போட்டால், வருஷம் முழுக்கக் குடித்த ஆள் ஒரு மண்டலம் தொடுவதில்லை. அது பக்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கூர்ந்து பார்த்தால் அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. விடியலில் குளியல், தினமும் சாயங்காலம் பஜனை, தன்னைப் போலவே விரதத்தில் இருப்பவர்களோடு உட்காருதல், தடுமாறினால் கூப்பிட ஒரு குருசாமி, நேற்றுவரை "டேய் குடிகாரா" என்று கூப்பிட்டவர்களே "சாமி" என்று கூப்பிடுவது. கூட்டத்தில் கிடைப்பது ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். வித்தியாசம், மாலையைக் கழற்றும் தேதி முன்பே தெரியும். கழற்றிய ராத்திரியே கடைக்குப் போனவர்களை ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அதனால் ஒருவர் மாலை போட்டிருக்கும்போதே நான் அவரை ஏஏ உறுப்பினர் ஒருவருக்கு அறிமுகம் செய்து வைத்துவிடுவேன், மலையிலிருந்து இறங்கி வந்த வாரத்தில் முதல் கூட்டம். "பதினெட்டுப் படி ஏறியாச்சு, பன்னெண்டு என்ன பெரிய விஷயமா?" என்று ஒருவர் கேட்டார். முதல் படியிலேயே ஒரு வருஷம் நின்றார்.

"பேசிப் பேசியே குடி போயிடுமா?" என்று டாக்டர்களே கேட்பதுண்டு. 2020-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. திட்டமிட்ட முறையில் ஏஏ பக்கம் கொண்டு சேர்க்கும் சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். மந்திரம் இல்லை. நூற்றில் 58 பேர் மிச்சம் இருக்கிறார்கள், அவர்களுக்கு மருந்தும் வேண்டும், வேறு வழியும் வேண்டும். ஆனால் செலவு பையில் போடும் பத்து ரூபாய்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தத் தொகுப்பில் பிடித்தது, அதில் வெற்றி பெற்றது வெறும் கூட்டம் இல்லை, ஆளைக் கூட்டத்தோடு கோத்துவிடும் வேலை என்பதுதான். நம் பக்கத்தில் இதை வெகு காலத்துக்கு முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. கணவர் இறந்தபின் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், 1980களின் இறுதியில் பழைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியிலேயே முகாம் போட்டார். டெல்டா கிராமத்து ஆளைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் சிகிச்சை அவர் ஊருக்குப் போனது. ஊர்க்காரர்களே உடன் இருந்தார்கள், முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள்.

என்னைத் தேடி முதலில் வருவது பெரும்பாலும் குடிப்பவர் இல்லை, அவர் மனைவியோ அம்மாவோதான். "அவரு வரமாட்டாருங்க. மருந்து ஏதாவது இருந்தா குடுங்க, சாம்பாருல கலந்துடறேன்." சுவரெங்கும் அந்த விளம்பரம்தான், குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்று. அப்படி விற்பதில் டைசல்ஃபிரம் இருந்தால், அதைச் சாப்பிட்டது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. இதைச் சொன்னதும் அந்த அம்மா முகம் விழுந்துவிடும், கடைசி வழியும் போயிற்றே என்று. அப்போதுதான் அவருக்கே ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்வேன். 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தொடங்கிய அல்-அனான். "குடிக்கிறது அவரு, நான் எதுக்கும்மா போகணும்?" என்பார்கள், நியாயமான கேள்வி. அங்கே போனால் கணவர் குடியை விட்டுவிடுவார் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று வாசலில் நிற்காமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு ராத்திரி கிடைக்கும் என்று மட்டும் சொல்வேன். நோட்டில் அதற்கும் பக்கம் உண்டு, ஆனால் குறைவு.

முதல் கூட்டத்துக்கு ஆளைச் சேர்த்துவிட்டதோடு விடக்கூடாது. மறுநாள் காலையில் ஒரு போன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்கமாட்டேன், "அடுத்து எப்ப?" என்று கேட்பேன். வராமல் இருப்பதற்கு இரண்டாம் வாரத்தில்தான் காரணங்கள் முளைக்கும். கல்யாணம், காதுகுத்து, முதலாளி விடவில்லை, மழை. காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள் என்று கடை மூடுகிற நாட்களுக்கு முந்தின சாயங்காலம் கூட்டம் குறையும், கடையில் கூடும். அந்தத் தேதிகளும் நோட்டில் இருக்கின்றன.

நோட்டில் வெறுமையாகக் கிடக்கும் பக்கம் ஒன்று உண்டு, பெண்களுக்கானது. 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம் என்கிறது. சதவீதம் சின்னது, தலைகள் சின்ன எண்ணிக்கை இல்லை. அவர்களில் சிலர் என் அறைக்கும் வருகிறார்கள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, பெயரை மாற்றிச் சொல்லி. அவர்களுக்கும் அதே கூட்டம் திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற அறையில், ராத்திரி ஏழு மணிக்கு, நான் ஒரு குடிநோயாளி என்று எழுந்து சொல்ல ஒரு திருச்சிப் பெண்ணுக்கு எத்தனை சுவர்கள். முதல் தடவை நான் கூடப் போய் உட்காருகிறேன், திறந்த கூட்டம் என்றால் மட்டும்தான் அது முடியும். 2020 ஊரடங்கில் கூட்டங்கள் போனுக்குள் வந்ததில் ஒரு நன்மை, பெண்களுக்கென்றே நடக்கும் கூட்டங்களில் இங்கிருந்தபடி சேர முடிகிறது. கேமராவை அணைத்துவிட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் கேட்கிறார்கள். "நடுவுல குக்கர் விசில் அடிச்சா எல்லாருக்கும் கேக்குமா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மைக்கை அணைப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் போனை அவள் கணவர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்ப்பார். அவளுக்கு ஒரு அறை வேண்டும், பகலில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் முடிகிற மாதிரி, பெண்கள் வந்து போவது யாருக்கும் வித்தியாசமாகப் படாத ஒரு கட்டடத்தில். தையல் வகுப்பு நடக்கும் இடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை போய் வாடகை கேட்க வேண்டும்.